60 வயசு பஸ்ஸுக்குப் புது எஞ்சின்! லண்டன் ரூட்மாஸ்டரை மறுபடியும் ஓட வைத்தது எப்படி? நம்ம ஊரில் இது நடக்குமா?

சிவப்பு நிறம், இரண்டு அடுக்கு, பின்பக்கம் கதவே இல்லாத படிக்கட்டு. லண்டன் என்று சினிமாவில் காட்ட வேண்டும் என்றால் முதலில் காட்டுவது இந்த பஸ்ஸைத்தான். பெயர் ரூட்மாஸ்டர். 1968-லேயே உற்பத்தி நின்றுபோன இந்த பஸ், 2005 வரை தினசரி டிக்கெட் கொடுத்து பயணிகளை ஏற்றிச் சென்றது. அதற்குப் பிறகும் பாரம்பரியத் தடம் என்ற பெயரில் சில வருடங்கள் ஓடியது.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. கடைசி வருடங்களில் ஓடிய ரூட்மாஸ்டர்களில் பலவற்றின் எஞ்சின், அந்த பஸ் பிறந்தபோது இருந்த எஞ்சின் கிடையாது. வெளியே தாத்தா, உள்ளே பேரன். அதை எப்படிச் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில், இது என்ன பஸ்?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் தனக்கென்றே ஒரு பஸ்ஸை வடிவமைக்கத் தொடங்கியது. முதல் மாதிரி வண்டி 1954-ல் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1956-ல் சாலைக்கு வந்தது. மொத்தம் 2,876 பஸ்கள் தயாரிக்கப்பட்டன. இயந்திரப் பகுதி ஏஇசி நிறுவனத்துடையது, பாடி பார்க் ராயல் நிறுவனத்துடையது.

அந்தக் காலத்துக்கு இது ரொம்பவே முன்னேறிய வண்டி. பவர் ஸ்டியரிங், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் எல்லாம் 1950-களிலேயே இதில் இருந்தன. நம்ம ஊர் டவுன் பஸ் டிரைவர்கள் பல வருடங்கள் கழித்தும் கியர் ராடோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இன்னொரு முக்கியமான விஷயம் எடை. பாடி அலுமினியத்தில் செய்யப்பட்டது. 64 பேர் உட்காரக்கூடிய மாடி பஸ்ஸின் எடை சுமார் ஏழரை டன்தான். போர்க்காலத்தில் விமானம் கட்டிய அனுபவம் இங்கே கைகொடுத்தது.

சேஸிஸ் இல்லாத பஸ்ஸா?

ஆமாம். வழக்கமான பஸ்ஸில் அடியில் நீளமான இரும்புச் சட்டம் இருக்கும். அதுதான் சேஸிஸ். அதன் மேல் பாடி கட்டுவார்கள். ரூட்மாஸ்டரில் அந்த முழுநீளச் சட்டம் கிடையாது. பாடிதான் பலம். முன்பக்கம் எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் தாங்கும் ஒரு சிறிய சட்டம். பின்பக்கம் அச்சு தாங்கும் இன்னொரு சிறிய சட்டம். இரண்டும் போல்ட் போட்டு பாடியில் மாட்டப்பட்டிருக்கும்.

எஞ்சின் மாற்றும் கதை சாத்தியமானதற்கு இந்த வடிவமைப்பு ஒரு பெரிய காரணம். கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த வண்டி இது. லண்டனுக்கு வெளியே ஆல்டன்ஹாம் என்ற இடத்தில் ஒரு பெரிய பணிமனை இருந்தது. அங்கே பஸ் உள்ளே போனால் பாடியைத் தனியாகத் தூக்கிவிடுவார்கள். சட்டங்கள் ஒரு வரிசையில் போகும், பாடி வேறு வரிசையில் போகும். முடிவில் எந்த பாடி தயாராக இருக்கிறதோ அது எந்தச் சட்டம் தயாராக இருக்கிறதோ அதோடு சேரும். பஸ் எண் மட்டும் பழையது. அதாவது உள்ளே போன பஸ் வேறு, வெளியே வந்த பஸ் வேறு!

'எங்க பாட்டி காலத்து அருவாமனை, பிடியை ரெண்டு தரம் மாத்தினோம், இரும்பை ஒரு தரம் மாத்தினோம், அப்படியே இருக்கு' என்று வீட்டில் சொல்வார்களே, அந்தக் கதைதான். அதனால், புது எஞ்சின் வைத்த ரூட்மாஸ்டர் 'உண்மையான' ரூட்மாஸ்டரா என்று சண்டை போடுபவர்கள் ஆல்டன்ஹாமையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பணிமனை 1986-ல் மூடப்பட்டது.

நல்லா ஓடின எஞ்சினை ஏன் மாத்தணும்?

பழைய ஏஇசி எஞ்சின் 9.6 லிட்டர் கொள்ளளவு கொண்டது. சக்தி சுமார் 115 குதிரைத்திறன். மெதுவாகச் சுழலும், நீண்டநாள் உழைக்கும். பிரச்சினை உதிரிபாகங்கள்தான். 1962-ல் ஏஇசி நிறுவனம் லேலண்டோடு இணைந்தது. சவுத்ஹாலில் இருந்த அதன் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. எஞ்சின் செய்தவரே இல்லாதபோது பாகத்துக்கு எங்கே போவது? போதாததற்கு புகை. எரிபொருள் செலவு. ஐரோப்பாவில் ஈரோ மாசுக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே போனதும் சேர்ந்துகொண்டது.

1990-களின் தொடக்கத்தில், நீளம் அதிகமான ஆர்எம்எல் வகை பஸ்கள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டன. பழைய எஞ்சின்களை எடுத்துவிட்டு கம்மின்ஸ், இவெகோ நிறுவனங்களின் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். சில பஸ்களில் ஸ்கேனியா எஞ்சின்களும் வந்தன.

இரண்டாவது அலை 2000-க்குப் பிறகு. லண்டன் நகர நிர்வாகம் ஏற்கெனவே விற்றுவிட்ட ரூட்மாஸ்டர்களில் சிலவற்றைத் திரும்ப விலைக்கு வாங்கியது. கேம்பிரிட்ஜில் உள்ள மார்ஷல் நிறுவனம் அவற்றைப் புதுப்பித்தது. கம்மின்ஸ் எஞ்சினோடு அலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சேர்த்து வைத்தார்கள். எஞ்சினை மட்டும் மாற்றாமல், சக்கரத்துக்குச் சக்தி போகும் பாதையில் பாதியையே மாற்றினார்கள்.

எடுத்துவிட்டு வைத்தால் முடிந்ததா?

அவ்வளவு சுலபம் இல்லை. இங்கேதான் மெக்கானிக்கின் மூளை வேலை செய்ய வேண்டும்.

பழைய எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று என்ற எல்லையில் வேலை செய்தது. நவீன டீசல் எஞ்சின்கள் அளவில் சிறியவை, அதைவிட வேகமாகச் சுழல்பவை. பின் அச்சில் இருக்கும் பல்சக்கர விகிதம் பழைய சுற்றுக்குக் கணக்குப் போட்டது. புது எஞ்சினை அப்படியே வைத்தால் எஞ்சினின் வேகமும் வண்டியின் வேகமும் பொருந்தாது. ஒன்று, கியர்பாக்ஸில் அந்த விகிதத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் பின் அச்சைத் தொட வேண்டும்.

அடுத்தது முறுக்குவிசை. டர்போ வைத்த எஞ்சின், கூடவே டார்க் கன்வர்ட்டர் வைத்த கியர்பாக்ஸ். கிளம்பும்போது பின் அச்சுக்குப் போகும் விசை பழைய கணக்கைவிட அதிகமாகலாம். அதனால் இப்படி எஞ்சின் மாற்றும்போது அதன் முழு சக்தியையும் பயன்படுத்தாமல் வேண்டுமென்றே குறைத்து வைப்பதுண்டு. சிட்டிக்குள் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கும் பஸ்ஸுக்கு ரேஸ் வண்டி வேகம் எதற்கு?

சூடு இன்னொரு தலைவலி. ரூட்மாஸ்டரின் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, குறுகலான பானெட்டுக்குள் இருக்கிறது. டர்போ எஞ்சினுக்கு ரேடியேட்டரோடு, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் கருவியும் தேவை. முகம் மாறக்கூடாது, கிரில் மாறக்கூடாது, ஆனால் காற்று மட்டும் நிறைய போகணும். முகத்தோற்றத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும் எஞ்சினைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும் உரசல் வருவது இந்த இடத்தில்தான்.

பிரேக்கும் சும்மா விடாது. இதில் பவர் ஹைட்ராலிக் பிரேக். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப் சுழல வண்டியின் இயந்திரத்திலிருந்தே சக்தி வர வேண்டும். எஞ்சினை மாற்றினால் அந்த இணைப்பையும் புதிதாக யோசிக்கணும். அக்கால பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் கழற்றும்போதே ஜாக்கிரதை தேவை.

இதெல்லாம் போக, கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று உண்டு. அலுமினிய பாடியும் இரும்புச் சட்டமும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அரிப்பு வேகமாகப் பரவும். எஞ்சின் புதுசு, பாடி உள்ளுக்குள் பொடிப்பொடி என்றால் என்ன பயன்? பழைய பஸ் புதுப்பிப்பில் எஞ்சினைவிட நேரத்தை விழுங்குவது இந்த வேலைதான்.

மின்சாரத்துக்கு மாற்ற முடியுமா?

முடியும். சில ரூட்மாஸ்டர்களை அப்படி மாற்றியும் இருக்கிறார்கள். கனமான எஞ்சினும் கியர்பாக்ஸும் டீசல் டேங்கும் வெளியே போவதால் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் எடை மிச்சமாகிறது. ஆனால் பேட்டரியை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. மேலே வைத்தால் மாடி பஸ் சாயும் அபாயம். கீழே வைக்க இடம் குறைவு, சேஸிஸும் இல்லை. டீ குடித்தபடி ஊர் சுற்றிக் காட்டும் குறைந்த தூர சுற்றுலாவுக்கு இது பரவாயில்லை. நாள் முழுக்க ஓடும் வழக்கமான தடத்துக்கு? அது வேறு கணக்கு.

அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?

எஞ்சினால் இல்லை. 2005 டிசம்பர் 9-ஆம் தேதி 159-ஆம் எண் தடத்தில் கடைசி வழக்கமான ரூட்மாஸ்டர் ஓடியது. காரணங்கள் இரண்டு. டிரைவர், கண்டக்டர் என இரண்டு பேர் சம்பளம் ஒன்று. அதைவிடப் பெரியது, சக்கர நாற்காலியில் வருபவர் இந்த பஸ்ஸில் ஏறவே முடியாது. படிக்கட்டு உயரம். உள்ளே இடுக்கு. பிரிட்டன் விதிகளின்படி 2017 ஜனவரி 1-க்குள் வழக்கமான சேவையில் உள்ள மாடி பஸ்கள் எல்லாம் மாற்றுத்திறனாளிகள் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும்.

9, 15 ஆகிய தடங்களில் மட்டும் பாரம்பரியச் சேவை தொடர்ந்தது. அதே பாதையில் தாழ்தள பஸ்களும் ஓடியதால் அது ஏற்கப்பட்டது. 9-ஆம் தடம் 2014-ல் நின்றது. 15-ஆம் தடம் கொரோனா காலத்தில் நின்றதோடு சரி, திரும்ப வரவில்லை.

ரூட்மாஸ்டர் ரசிகர்கள் இதை இன்றும் ஏற்க மாட்டார்கள். ஆனால் ஒரு நகரத்தின் அடையாளமாக இருக்கும் பஸ்ஸில் அந்த நகரத்து மக்களில் ஒரு பகுதியினர் ஏறவே முடியாது என்றால், அந்தப் பிரச்சினையை எந்த எஞ்சினும் தீர்க்காது.

சரி, இந்தியாவில் பழைய பஸ்ஸை இப்படிச் செய்யலாமா?

இங்கே விதிகள் நேர் எதிர். 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு நம்பர் பிளேட் கிடைக்கும். ஆனால் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. வாடகைக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. பேருந்து இந்த விதிக்குள் வரவே வராது.

சாதாரணப் பதிவில் உள்ள வண்டிக்கு எஞ்சின் மாற்ற வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும். மின்சாரத்துக்கு மாற்றும் கிட் என்றால் அந்த கிட்டுக்கே அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பின் சான்று வேண்டும். அரசு பஸ்களுக்கோ இன்னும் கறார். 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்களும் இதில் அடக்கம். அதாவது, ரூட்மாஸ்டர் போல ஒரு அரசு பஸ்ஸுக்கு எத்தனை நல்ல எஞ்சின் வைத்தாலும் 15 வருடத்தில் ஸ்கிராப்தான்.

சென்னையில் 18ஏ தடத்தில் மாடி பஸ் ஓடியதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். மும்பையில் 1937-ல் வந்த மாடி பஸ் சேவையின் கடைசி டீசல் வண்டி 2023 செப்டம்பர் 15 அன்று ஓய்வு பெற்றது. அதன் இடத்தை எடுத்துக்கொண்டது புத்தம்புது ஏசி மின்சார மாடி பஸ். அதைச் செய்தது அசோக் லேலண்ட் குழுமத்தின் ஸ்விட்ச் நிறுவனம்.