மலையிறக்கமும் பிரேக் பேடும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் நினைவு எழுவது இயல்பு. ஆயினும் நான் இன்று அவனுடைய வில்லைப் பற்றிப் பேச வரவில்லை. அவன் ஆண்ட மலையிலிருந்து காரில் இறங்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை மாணவ நண்பர்கள் பலர் அறிந்திருப்பீர்கள்.

காரைச் சற்று விரைவாக ஓட்டுவதில் எனக்கு விருப்பம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், செம்மேட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கியபோது, ஒவ்வொரு வளைவு வரையிலும் விரைந்து சென்று, அழுத்திப் பிரேக் போட்டு, திரும்பியதும் மீண்டும் விரைந்தேன். பாதி வழியில் கருகிய நாற்றம் வந்தது. அதற்கடுத்த வளைவில் பிரேக் மிதி கல்லைப் போல் உறுதியாக இருந்தது, வண்டியோ நிற்கவில்லை! கியரைக் குறைத்து, மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கி, ஒருவாறு நிறுத்தினேன். பின் இருக்கையிலிருந்த என் தாயார் ஒரு சொல்லும் பேசாமல் இறங்கிச் சென்று ஒரு கல்லின் மேல் அமர்ந்துகொண்டார். சக்கரங்கள் ஆறும் வரையில் அங்கேயே காத்திருந்தோம்.

நடந்தது என்ன? ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் ஜூல். 40 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை ஒருமுறை நிறுத்தினால் வெளிப்படுவது சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம் ஜூல்தான். ஆகவே, மலையிறக்கம் முழுவதையும் பிரேக்கே சுமந்தால், அத்தகைய 70 நிறுத்தங்களுக்கு அது ஈடாகும். வளைவுக்கு ஒன்று!

இந்த வெப்பத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பேடில் உள்ள பொருள்களைப் பிணைக்கும் பிசின் சிதைந்து வாயுவாகிப் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மெல்லிய படலமாக நின்றால், மிதி உறுதியாக இருந்தும் பிடிப்பு இராது. எனக்கு நேர்ந்தது இதுவே. மற்றொன்று, பிரேக் ஆயில் கொதித்து ஆவியாதல். ஆவி எளிதில் அமுங்குமாதலால் மிதி தரை வரை செல்லும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பின் அது 155 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பேட் தேர்வுக்கு வருவோம். பந்தயக் கார்களின் பேடே சிறந்தது என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர், நானும் எண்ணியதுண்டு. அது மிகுந்த சூட்டிலேதான் நன்றாகப் பிடிக்கும். பனி மூடிய காலையில், முதல் வளைவிலேயே மாடு குறுக்கே வந்தால் அதனால் என்ன பயன்? சாலைக்கு வேண்டியது குளிரிலும் பிடித்து, சூட்டிலும் தளராத பேட். பல பேடுகளின் விளிம்பில் அச்சிட்ட வரிசையின் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்திலும், இரண்டாம் எழுத்து மிகுந்த வெப்பத்திலும் உள்ள உராய்வைக் குறிக்கும். ‘இ’ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. நான் ‘எஃப் எஃப்’ என்று குறித்த, உலோகத் தூள் கலந்த பேடைத் தேர்ந்தேன். இவை சற்று ஒலி எழுப்பும். டிஸ்க்கையும் சற்று மிகுதியாகத் தேய்க்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொருத்தும் வேலையை நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று கற்றேன். லாரிக்கூடு கட்டும் தொழிலால் பெயர்பெற்ற அவ்வூரில் பிரேக்கை அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்கியின் மேல் இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுக. ரப்பர்க் குழாயில் தொங்கினால் குழாய் கெடும். பழைய தூசியை வாயால் ஊதுவது கூடாது. பழைய பேடில் கல்நார் இருந்தால் அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்க்கையும் மாற்றுக. பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளும்போது, மேலே ஆயில் கிண்ணம் வழியாதபடி ஒரு கண் அங்கே இருக்கட்டும். காலிப்பர் நகரும் ஊசிகளுக்குச் சூடு தாங்கும் கிரீஸ் தடவலாம். பேடின் முகத்தில் ஒரு பொட்டும் படலாகாது. இடப்புறம் மாற்றினால் வலப்புறமும் மாற்றியாக வேண்டும், இல்லையேல் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

எல்லாம் பூட்டியதும் நான் சாவியைத் திருப்பி வண்டியை நகர்த்தப் போனேன். “முதல்ல மிதிங்க, சார்!” என்று அந்த மெக்கானிக் அதட்டினார். பின்னே தள்ளிய பிஸ்டன் பேடை மீண்டும் தொடும்வரை மிதி வெறுமனே தரைக்குப் போகும் என்பதை நான் மறந்திருந்தேன். நாலைந்து முறை மிதித்தபின்பே அது மேலே நின்றது. பிறகு, ஆளில்லாத நேரான சாலையில் 60 கிலோமீட்டரிலிருந்து 15 வரை பத்துமுறை வேகத்தைக் குறைத்து, முழுதும் நிறுத்தாமல் ஓட்டி, பேடை டிஸ்க்கோடு பழக்கினோம்.

அவ்வாண்டே மறுபடி கொல்லிமலைக்குப் போனேன். இறங்கும்போது, லாரிக்காரர்கள் சொல்வதுபோல், ஏறிய கியரிலேயே வந்தேன். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருண்டு வருவோர் சிலரை வழியில் கண்டேன். அவர்களுக்கு எஞ்சினின் தடுப்பும் இல்லை. சில மிதிகளுக்குப்பின் பிரேக்கின் துணை விசையும் போய்விடும். காரவள்ளி வந்ததும் மிதியை அழுத்திப் பார்த்தேன்; செம்மேட்டில் நின்ற அதே உயரத்தில் நின்றது. தாயார் இம்முறை வண்டியைவிட்டு இறங்கவில்லை, உறங்கிக்கொண்டிருந்தார்.