ஊசிமலையிலிருந்து தெரியும் பழைய தங்க வயல்

திண்டுக்கல், தாடிக்கொம்பு சமவெளியில் வாழ்வோருக்கு மலை என்றதும் சிறுமலையும் கொடைக்கானலுமே முதலில் நினைவுக்கு வரும் என்றாலும், ஒரு பகல் நடையில் மலையழகோடு சுரங்கத் தொழிலின் வரலாற்றையும் காண விரும்புவோர் செல்லத்தக்க இடம் நீலகிரி மாவட்டத்தின் மேற்கோரத்தில் இருக்கிறது. உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், கூடலூரை அடைவதற்குச் சில கிலோமீட்டர் முன்பாக, கூம்பு வடிவில் எழுந்து நிற்பது ஊசிமலை. அதற்கு மேற்கே, 1877 வரை மலபாரோடு சேர்ந்திருந்து பின்னர் நீலகிரியோடு இணைக்கப்பட்ட தென்கிழக்கு வயநாட்டில், தேவாலாவும் பந்தலூரும் உள்ளன.

இவ்வூர்களைச் சுற்றியுள்ள ஓடைகளில் குறும்பரும் பணியரும் மணலை அலசிப் பொன் துகள் எடுத்துவந்தது பழங்காலத்து வழக்கம். 1879இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் இந்திய அரசின் அழைப்பின் பேரில் வந்து ஆய்வு செய்து, நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றை அளித்தார். அதைக் கண்டு லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட பெயரளவு முதலீட்டுடன், ஓரிரு ஆண்டுகளுக்குள் தொடங்கப்பட்டன. இலைத்துரு நோயாலும் தண்டுதுளைப்பானாலும் நலிந்துகிடந்த காப்பித் தோட்டங்களைக் கம்பெனிகள் பெருவிலை கொடுத்து வாங்கியதால், பாறையை உடைக்கும் முன்பே ஆதாயம் கண்டவர்கள் நிலத்தை விற்றவர்களும் பங்குகளைக் கைமாற்றியவர்களுமே.

தோல்விக்கான காரணம் பாறையிலேயே இருந்தது. இங்குப் பொன் இருப்பது வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் படிகப் பாறைகளில். இவை தொன்மையான நைஸ் பாறைகளின் ஊடே நரம்புகள்போல ஓடுகின்றன. மேற்பரப்பை ஒட்டிய கல்லில், பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் மழையில் மக்கிக் கரைந்துபோய், பால்வெள்ளைக் கல்லில் துருநிறப் பொந்துகளை விட்டுச் சென்றிருக்கும். அப்பொந்துகளில் தங்கிய பொன்னைக் கல்லை இடித்துப் பாதரசத்தில் சேர்த்து எளிதாகப் பிரித்துவிடலாம். ஆழத்திலோ பொன் மக்காத பைரைட்டுக்குள் சிக்கியிருந்ததால் பாதரசம் அதைப் பற்றவில்லை. கிடைத்ததும் டன்னுக்குச் சில கிராம்தான். தரத்தைச் சோதிக்குமுன்பே கடலுக்கு அப்பாலிருந்து கல்லிடிக்கும் இயந்திரங்களை வரவழைத்த அவசரத்தைப் பாறையின் மேல் பழிபோட்டு மன்னிக்க முடியாது. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அதே காலத்தில் தொடங்கிய கோலார் தங்கவயலோ மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கி, 2001இல்தான் மூடப்பட்டது.

இதை அறிந்துகொண்டு ஊசிமலையில் ஏறினால், காட்சி வேறாகப் புலப்படும். தைல மரங்களுக்கிடையே செல்லும் பாதை நீளமானதன்று. நிதானமாக நடந்தாலும் காலைப்பொழுதுக்குள் போய்த் திரும்பிவிடலாம். உச்சியிலிருந்து வடக்கே முதுமலைக் காடும் அதற்கப்பால் மைசூர் மேட்டுநிலமும், கீழே கூடலூரும், மேற்கே நடுகாணிப் பக்கத்து மலைத்தொடர்களும் விரிகின்றன. மேற்குச் சரிவுகளின் பச்சை பெரும்பாலும் தேயிலை. காப்பியும் பொன்னும் கைவிட்ட மண்ணில் நிலைத்த பயிர் அது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பலருக்கு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இப்பகுதியில் வேலை தந்தன. கூலி போதாத நாட்களில் பழைய சுரங்கங்களில் இறங்கிக் கல் பெயர்த்து, பொடித்து, பாதரசத்தைத் துணியில் பிழிந்து பொன் எடுப்போரும் இருந்தனர். மண் சரிந்து சிலர் உயிரிழந்ததும் உண்டு.

நண்பகலுக்குப் பின் நடுகாணி வழியாகத் தேவாலாவுக்குச் சென்று ஊரைப் பார்க்கலாம். ஆனால் புதர் மூடிய சுரங்க வாய்களைத் தேடிப்போவது கூடாது; அவற்றின் கூரை நம்பத்தக்கதன்று, யானை நடமாட்டமும் மிகுதி, காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றமும்கூட. தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களில் தேவாலாவும் ஒன்றாதலால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வழுக்கலும் அட்டையும் நடையைக் கெடுக்கும்; மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்கள் ஏற்றவை. கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் வனத்துறை பாதைகளை மூடுவதுண்டு. வெளிமாவட்ட வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருப்பதால், புறப்படும் முன்பே அதற்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.