புலியும் ஜெயிக்கணும், ஆடும் ஜெயிக்கணும்!

குட்டீஸ், ஒரு கேள்வி. எப்போதும் நீங்களே ஜெயிக்கிற ஆட்டம் பிடிக்குமா? இரண்டே நாளில் சலித்துவிடும். எப்போதும் தோற்கிற ஆட்டம் என்றால்? முதல் நாளே எழுந்து போய்விடுவீர்கள்! இந்த இரண்டுக்கும் நடுவில் ஆட்டத்தை நிறுத்துவதுதான், விளையாட்டை உருவாக்குகிறவர்களுக்குப் பெரிய வேலை.

நம் ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்தால் போதும். கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். பொதுவாக, ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ நகரலாம். பக்கத்து ஆட்டுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், தாண்டி வெட்டலாம்.

அப்படியானால் புலிதானே ஜெயிக்கும்? கணக்குப் போடுங்கள். ஓர் ஆடுகூட வெட்டுப்படாமல் 15 ஆடுகளும் இறங்கிவிட்டால், காலி இடம் 5 மட்டுமே. தாண்ட வழியில்லாமல் புலி திணறும்! விதியைக் கற்க ஐந்து நிமிடம் போதும். ஜெயிக்கத்தான் மூளை வேண்டும்.

வீடியோ கேமிலும் இதே கதைதான். 1985-ல் ஜப்பானில் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' எந்தப் பாடமும் நடத்தாது. ஆரம்பத்திலேயே ஒரு குட்டி எதிரி நடந்து வரும். குதித்தால் தப்பிக்கலாம். தப்பு செய்தாலும் பெரிய நஷ்டமில்லை, மறுபடி தொடங்கலாம். பிறகுதான் கஷ்டம் கூடும். 2018-ல் வந்த 'செலஸ்ட்' மிகக் கடினமான மலையேற்ற கேம். தேவைப்படுகிறவர்கள் அதன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கண் தெரியாதவர்களுக்கான செஸ் பலகை தெரியுமா? கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். காய்களைச் செருகத் துளைகள் உண்டு. தடவிப் பார்த்தே ஆடலாம். காய்களை நகர்த்தும் விதி மாறவில்லை, ஆட்டமும் சுலபமாகவில்லை. வாசல்தான் எல்லோருக்கும் திறந்தது!

நீங்களும் செய்யலாமே! காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் மிச்ச நூல் கிடைக்கும். அட்டையில் ஆடுபுலிக் கட்டம் வரைந்து, கோடுகள் மேல் நூலை ஒட்டுங்கள். கூழாங்கல் புலி, புளியங்கொட்டை ஆடு. புதிதாக ஆட வரும் தம்பிக்கு 2 ஆடு கூடுதலாகக் கொடுங்கள். அவன் பழகியதும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ன? ஜாக்கிரதை... உங்கள் புலி மாட்டிக்கொள்ளப் போகிறது!