மாத்திரை போட்டதே மறந்துபோகிறதா? இதயத்தையும் கவனியுங்கள்!

"காலை மாத்திரை போட்டாச்சாப்பா?" என்று மகள் கேட்கிறார். "போட்ட மாதிரிதான் இருக்கு..." என்கிறார் அப்பா.

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுபவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. 'வயசானா மறதி சகஜம்தானே' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், அந்த மறதிக்கு இதயமும் ரத்தக் குழாய்களும்கூடக் காரணமாக இருக்கலாம்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிடுவது அல்ல. இதயத் தசை பலவீனமாகி அல்லது விறைத்துப்போய், உடலுக்குத் தேவையான ரத்தத்தைச் சரியாக பம்ப் செய்ய முடியாத நிலை.

மூளைக்கு என்ன ஆகிறது?

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால், ஓய்வில் இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 15 சதவிகிதம் மூளைக்குப் போகிறது. இது குறையும்போது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் 'ஹிப்போகேம்பஸ்' பகுதி பாதிக்கப்படலாம்.

ஆரோக்கியமான தமனிகள் ரப்பர்போல விரிந்து, ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் தாங்கிக்கொள்ளும். வயது, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் போன்றவற்றால் அவை விறைத்துப்போகும். அப்போது அந்த வேகம் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாக்கி, நாளடைவில் சேதப்படுத்தும்.

மறதியால் மாத்திரை தவறும். உப்பைக் குறைக்கச் சொன்னதும் நினைவில் நிற்காது. விளைவு, கால் வீக்கம், மூச்சுத்திணறல், மறுபடியும் மருத்துவமனை.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* மறதி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சோடியம் குறைவு, தைராய்டு பிரச்னை, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு போன்றவை காரணமாக இருந்தால் சிகிச்சை உண்டு.
* கிழமைவாரியாக அறைகள் உள்ள மாத்திரை டப்பாவை வாங்கி, நீங்களே நிரப்பி வையுங்கள்.
* தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.
* ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தவிருங்கள்.
* ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ, நிறுத்தவோ வேண்டாம்.
* திடீர்க் குழப்பம், வாய் கோணல், பேச்சுக் குழறல் தெரிந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

'அப்பா சொல்பேச்சு கேட்க மாட்டேங்கிறார்' என்று கோபப்படுவதற்கு முன், சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்!