கைவிடப்பட்ட பெரிய நாயைத் தோட்டத்தில் பழக்குவது எப்படி?

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நாய் வளர்ப்பது நம் விவசாயிகளின் நெடுநாள் வழக்கம். பெரும்பாலோர் குட்டியாக வாங்கி வளர்ப்பார்கள். நகரத்தில் ஆசைக்கு வாங்கி, வளர்ந்தபின் தீனி போட முடியாமல் சாலையோரத்தில் விட்டுச் செல்லும் பெரிய நாய்களும் நம் கிராமங்களுக்கு வந்து சேருகின்றன. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அத்தகைய நாயை இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது நல்ல செயலே. ஆனால் பழக்காமல் அவிழ்த்துவிட்டால் இழப்பு நேரும்.

இதை நான் பட்டறிந்தவன். சில ஆண்டுகளுக்கு முன், எலும்பும் தோலுமாக நின்ற வளர்ந்த ராஜபாளையம் நாய் ஒன்றை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டு வந்தேன். இரண்டு நாள் சாதுவாகப் படுத்திருந்தது. மூன்றாம் நாள் காலை சங்கிலியை அவிழ்த்தேன். வரப்பைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து ஆடுகளுக்குள் பாய்ந்தது. கூப்பிட்டேன்; திரும்பவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் ஒரு மாதக் குட்டி ஒன்று இறந்துவிட்டது. குட்டிக்கு விலை கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "நாய் மேல் குற்றமில்லை ஐயா, அவிழ்த்த கை மேல்தான் குற்றம்" என்றார் அந்த விவசாயி. அது உண்மை. ராஜபாளையம் வேட்டைக்குரிய இனம். ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம்.

முதலில் மருத்துவம்

வெறிநோய்க் கிருமி உடலில் புகுந்து பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்தே நோய் வெளிப்படும். ஆகவே பார்வைக்கு நன்றாக இருப்பதை நம்பலாகாது. கால்நடை மருந்தகத்தில் உடனே தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும் காலத்தில் மீண்டும் போட வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் கொடுக்க வேண்டும். ஆட்டு ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடக்கூடாது. அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளால் நாய்க்கு நாடாப்புழு உண்டாகும். நாயின் மலத்தில் வெளிவரும் அதன் முட்டைகள் ஆடு மாடுகளுக்கும் மனிதருக்கும் கேடு செய்யும்.

வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் நாய்க்குக் காது நன்றாகக் கேட்டது, பெயர்தான் பழகவில்லை.

தீனி

பட்டினி கிடந்த நாய்க்கு வயிறு நிறைய ஒரேயடியாகப் போடக்கூடாது. முதல் வாரம் சிறிது சிறிதாக நான்கு வேளை கொடுத்து, பிறகு இரண்டு வேளையாக்கலாம். வெங்காயமும் வேகவைத்த கோழி எலும்பும் ஆகாது. தின்றவுடன் ஓடவிடக்கூடாது, பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து வரலாம்.

பழக்கும் முறை

1. முதல் இரண்டு வாரம் நிழலும் தண்ணீரும் உள்ள ஒரே இடத்தில் கட்டி, ஒருவரே தீனி வைக்க வேண்டும்.

2. பெயரைச் சொல்லி, திரும்பிப் பார்த்தவுடன் ஒரு கவளம் கொடுக்க வேண்டும். தினமும் பலமுறை இதைச் செய்யலாம்.

3. காலையும் மாலையும் பெரியவர் ஒருவரே பிடித்து நடத்த வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றக்கூடாது. ஒரே இழுப்பில் ஆளைச் சாய்த்துவிடும். இழுத்தால் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால் நடக்க வேண்டும்.

4. ஆடு, கோழிகளைக் கட்டிய நிலையில் தூரத்திலிருந்தே காட்ட வேண்டும். பாயாமல் நம்மைத் திரும்பிப் பார்த்தால் தீனி தரவேண்டும். நாளடைவில் அருகே கொண்டு போகலாம்.

5. அடிக்கக்கூடாது. அடிபட்ட நாய் பயத்தால் கடிக்கும். குழந்தைகளை அதனுடன் தனியே விடலாகாது. நாள் முழுதும் கட்டியே கிடக்கும் நாய் முரடாகிவிடும்.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்கக்கூடாது.

எங்கள் நாய் பழக நான்கு மாதம் ஆயிற்று. இப்போது அந்த விவசாயியின் ஆடுகள் வரப்பில் போனால் படுத்தபடியே பார்க்கும். ஆயினும் ஆடுகள் குட்டி போடும் காலத்தில் இன்றும் நான் சங்கிலியை அவிழ்ப்பதில்லை.