பசிக்குத் தாராளம், பேச்சுக்குப் பஞ்சம்: கற்பனை நாடுகளின் உரிமைக் கணக்கு

தாளில் மட்டுமே வாழ்ந்த ஐந்து நாடுகள். ஐந்துக்கும் சட்டம் உண்டு, வேலை உண்டு, விசாரணை உண்டு, தண்டனையும் உண்டு. பிளேட்டோ தம் முதுமையில் 'சட்டங்கள்' என்ற நூலில் கிரீட் தீவில் நிறுவிப் பார்த்த மக்னீசியா, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. தாமஸ் மோரின் யுடோப்பியா, 1516. தொம்மாசோ கம்பனெல்லாவின் சூரிய நகரம், 1602. எட்வர்டு பெல்லமி எழுதிய 2000-ஆம் ஆண்டின் அமெரிக்கா, 1888. வங்காளத்தின் பேகம் ரொக்கேயா எழுதிய கதையில் பெண்கள் ஆளும் லேடிலேண்ட், 1905.

அளவுகோலாக 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய உலக மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்வோம். ஆதரவு 48, எதிர்ப்பு 0, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 8. மொத்தம் 30 பிரிவுகள்.

கற்பனை நாட்டுச் சட்டத்துக்கு எதற்கு இத்தனை கணக்கு? நிஜ அரசு ஓர் உரிமையை மறுக்கும்போது கஜானா காலி என்று சொல்லலாம், எல்லையில் பகைவன் என்று சொல்லலாம். கற்பனை நாட்டை எழுதுகிறவருக்கு அந்தச் சாக்குகள் ஒன்றும் இல்லை. விளைச்சலும் அவர் வைத்ததுதான், வரியும் அவர் வைத்ததுதான். எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்ததைப் பார்த்தால் மனிதருக்கு எது தகும் என்று அவர் நம்பினார் என்பது தெரியும். மறுத்ததைப் பார்த்தால் எதற்கு அஞ்சினார் என்பது தெரியும்.

வரவு: உழைப்பும் ஓய்வும்

பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு ஓய்வையும், வேலை நேரத்துக்கு நியாயமான வரம்பையும் உரிமையாக்குகிறது. கற்பனை நாடுகள் இதில் மிகத் தாராளம்.

யுடோப்பியா: நாளுக்கு 6 மணி நேரம். முற்பகலில் 3, சாப்பாட்டுக்குப் பின் 2 மணி நேரம் ஓய்வு, பிறகு 3. தூக்கத்துக்கு 8.
சூரிய நகரம்: நாளுக்கு 4 மணி நேரம்.
லேடிலேண்ட்: நாளுக்கு 2 மணி நேரம்.
பெல்லமியின் அமெரிக்கா: 21 வயதில் தொடங்கி 45 வயதில் ஓய்வு. ஆயுளில் 24 ஆண்டு உழைப்பு.

இந்த எண்களின் கனம் அன்றைய நிஜத்தோடு ஒப்பிட்டால்தான் புரியும். 1515-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கோடையில் தொழிலாளி காலை 5 மணிக்கு முன்பே வேலைக்கு வர வேண்டும், மாலை 7 மணிக்கு முன் போகக் கூடாது என்றது. சாப்பாட்டு வேளையைக் கழித்தாலும் ஏறத்தாழ 12 மணி நேரம். மறு ஆண்டே மோர் அதைப் பாதியாக்கி எழுதினார். ரொக்கேயா 2 மணி நேரம் என்று எழுதி 6 ஆண்டுகள் கழித்து, 1911-இல்தான், இந்திய நெசவாலைகளில் ஆண் தொழிலாளிக்கு நாளுக்கு 12 மணி நேரம் என்ற உச்சவரம்பு சட்டமானது. 8 மணி நேர வேலையை உலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாக ஏற்றது 1919-இல்.

லேடிலேண்டின் 2 மணி நேரத்துக்கு ரொக்கேயா கொடுக்கும் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆண்கள் 7 மணி நேரம் அலுவலகத்தில் இருக்கிறார்களே என்று கதைசொல்லி கேட்கிறாள். ஒரு சுருட்டு எரிந்து தீர அரை மணி, ஒருவர் நாளுக்கு 12 சுருட்டு பிடித்தால் 6 மணி நேரம் புகையிலேயே போகிறது என்று பதில் வருகிறது. வீட்டு வேலைக்கும் அலுவலக வேலைக்கும் ஒரே தராசை வைத்த கணக்கு இது. சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில்தான் இந்தக் கதை முதலில் அச்சானது.

கல்வியிலும் வரவு பெரிது. மக்னீசியாவில் ஆண் பெண் இருபாலருக்கும் கல்வி கட்டாயம். 10 வயதிலிருந்து 3 ஆண்டு எழுத்து, 13 வயதிலிருந்து 3 ஆண்டு யாழ். 1948 பிரகடனத்தின் 26-ஆம் பிரிவு வருவதற்கு ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் முன்பு எழுதப்பட்டது இது. லேடிலேண்டில் 21 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது. ரொக்கேயா அதை எழுதியபோது இந்தியச் சட்டத்தில் இருந்தது 1891-இன் 12 வயது வரம்பு மட்டும், அதுவும் உடலுறவு பற்றியது. 1929-இன் சாரதா சட்டம்கூடப் பெண்ணின் மணவயதை 14 என்றுதான் வைத்தது. கற்பனைச் சட்டத்துக்கும் நிஜச் சட்டத்துக்கும் நடுவில் 7 வயது.

பெல்லமியின் நாட்டில் நோயாளி, மாற்றுத்திறனாளி, ஆண், பெண் எல்லோருக்கும் ஆண்டுதோறும் ஒரே அளவு பற்று அட்டை. வேலையின் அளவைப் பொறுத்துப் பங்கு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

செலவு: யார் தலையில்?

யுடோப்பியாவில் 54 நகரங்கள். நகரத்துக்கு 6,000 குடும்பங்கள், குடும்பத்துக்கு 10 முதல் 16 பெரியவர்கள். பெருக்கினால் 3,24,000 குடும்பங்கள், 32 லட்சத்துக்கு மேல் 52 லட்சத்துக்குள் பெரியவர்கள். உடல் வேலையிலிருந்து விலக்கு பெற்றவர்கள் ஒரு நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் சேர்த்து 500 பேர்கூட இல்லை. இதுவரை கணக்கு நேர்த்தி.

அடுத்த வரியில் அடிமைகள் வருகிறார்கள். ஒவ்வொரு பண்ணைக் குடும்பத்திலும் 40 பேருக்குக் குறையாமல் ஆணும் பெண்ணும், கூடவே 2 அடிமைகள். ஆடு மாடு அறுப்பதும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தின் அழுக்கு வேலையும் அடிமைகள் பொறுப்பு. போரில் பிடிபட்டவர்கள், குற்றம் செய்த சொந்தக் குடிமக்கள், வேற்று நாடுகளில் மரண தண்டனை பெற்று மலிவாக வாங்கப்பட்டவர்கள், வறுமையால் தாமே வந்து சேர்ந்த அயல்நாட்டுக் கூலிகள் என நான்கு வழியில் அவர்கள் வருகிறார்கள். தங்கத்தை இழிவாக்க அடிமையின் விலங்கைத் தங்கத்தில் செய்கிறார்கள். அடிமையின் பிள்ளை அடிமை ஆவதில்லை என்ற ஒரு காப்பு உண்டு. மோருக்குப் பின் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அந்தக் காப்புகூட இல்லை. ஆனாலும் அடிமைத்தனத்தைத் தடுக்கும் 4-ஆம் பிரிவின் அளவுகோலில் யுடோப்பியா தோற்கிறது.

பிளேட்டோவின் ஏடு இன்னும் வலிக்கிறது. 5,040 குடும்பங்கள், அந்த எண் 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தார். சட்டக் காவலர்கள் 37 பேர். ஆட்சிக் குழுவில் 360 பேர். யாருடைய சொத்தும் அடிப்படைப் பங்கைப்போல் 4 மடங்கைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் எண் வைத்தவர், வயலில் உழைக்கும் அடிமைகளுக்கு மட்டும் எண் வைக்கவில்லை. தொகையில் சேராத மனிதருக்கு உரிமையில் பங்கு எங்கிருந்து வரும்?

சூரிய நகரத்தில் வீட்டு வேலைக்கு அடிமை இல்லை. போர்க்கைதிகளை விற்றுவிடுகிறார்கள் அல்லது நகரத்துக்கு வெளியே மண் வெட்ட வைக்கிறார்கள். அங்கே யார் யாரோடு கூட வேண்டும் என்பதை அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். பிள்ளைகள் ஊருக்குச் சொந்தம். லேடிலேண்டில் செலவு முழுவதும் ஆண்கள் பெயரில்: அவர்கள் வீட்டுக்குள் அடைபட்டுச் சமைக்கிறார்கள், குழந்தை பார்க்கிறார்கள். தன் காலத்துப் பெண்கள் பக்கம் எழுதப்பட்டிருந்த செலவை மறு பக்கத்துக்கு மாற்றி எழுதி, ஜனத்தொகையில் பாதியை அடைத்துவைப்பது எத்தனை பெரிய தொகை என்று ரொக்கேயா காட்டினார்.

வழக்குச் செலவு

10, 11-ஆம் பிரிவுகள் நியாயமான விசாரணையையும், குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்ற நிலையையும் காக்கின்றன.

மக்னீசியாவில் மூன்று அடுக்கு: அக்கம்பக்கத்தார், குலமன்றம், தேர்ந்த நீதிபதிகள். மேல்முறையீட்டில் பிரதிவாதி தோற்றால் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கூடும். மூன்றாம் மன்றத்திலும் தோற்றால் பாதி கூடும். 100 திராக்மா வழக்கு 120 ஆகும், பிறகு 150 ஆகும். உயிர்போகும் வழக்கில் மூன்று முறை விசாரித்து, எல்லோர் முன்னும் வெளிப்படையாக நீதிபதிகள் வாக்களிக்க வேண்டும். ஐந்து நாடுகளில் நடைமுறைக் காப்பு மிகுந்தது இதுதான், இத்தனை பழையதாக இருந்தும்.

பெல்லமியின் நாட்டில் ஜூரி இல்லை, வக்கீல் இல்லை. குற்றத்தை மறுத்து, பிறகு குற்றவாளி என்று முடிவானால் தண்டனை இரண்டு மடங்கு. தன் பக்கத்தைச் சொன்னதற்கே ஒரு முழுத் தண்டனை விலையாகிறது. உழைக்க மறுப்பவருக்குத் தனிச் சிறை, ரொட்டியும் தண்ணீரும், சம்மதிக்கும்வரை.

கம்பனெல்லா தம் நகரத்தை எழுதியது நேப்பிள்ஸ் சிறையில். 1599-இல் பிடிபட்டவர் 1626-வரை அங்கே கிடந்தார், சித்திரவதையும் பட்டார். அவர் நகரத்தில் சிறை கிடையாது, கலகம் செய்யும் பகைவரை அடைக்க ஒரே ஒரு கோபுரம் உண்டு. தீர்ப்பு அன்றே, மேல்முறையீடு மறுநாள், மூன்றாம் நாள் தலைவரின் மன்னிப்பு அல்லது இறுதி முடிவு. 27 ஆண்டு காத்திருப்பில் நொந்தவர், காத்திருப்பையே ஒழித்து எழுதினார். ஆனால் மரண தண்டனையை அவரால் ஒழிக்க முடியவில்லை: கொல்ல வேண்டியவரை ஊரே சேர்ந்து கொல்கிறது.

ஐந்தில் மரண தண்டனையை நேரடியாக மறுக்கும் குரல் லேடிலேண்டில் கேட்கிறது. கடவுள் படைத்த உயிரைக் கொல்வதில் எங்களுக்கு மகிழ்ச்சியில்லை என்கிறார்கள். பொய் சொன்னவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். மனதார வருந்தினால் மன்னிப்பு.

நிலுவை: பேச்சும் பயணமும்

13-ஆம் பிரிவு நடமாட்டத்தையும், 18-ஆம் பிரிவு மனச்சான்றையும், 19-ஆம் பிரிவு பேச்சையும் காக்கின்றன. இவற்றைக் கொடுக்க மூட்டை நெல் வேண்டாம், பள்ளிக்கூடம் கட்ட வேண்டாம். கற்பனை நாடுகள் அதிகம் கைவிரித்தது இங்கேதான்.

யுடோப்பியாவில் வேற்று நகரம் போக நகரத் தலைவரின் அனுமதிச் சீட்டு வேண்டும். திரும்பும் நாள் அதில் எழுதியிருக்கும். சீட்டில்லாமல் எல்லை தாண்டிப் பிடிபட்டால் தப்பியோடியவருக்கான தண்டனை, இரண்டாம் முறை அடிமைத்தனம். 30 குடும்பங்களுக்கு ஒரு பிரதிநிதி என்று நகரத்துக்கு 200 பேர் உண்டு. ஒரு தீர்மானம் வந்த அன்றே அதை விவாதிக்கக் கூடாது என்ற அருமையான விதியும் உண்டு. ஆனால் பிரதிநிதிகள் கூடும் மன்றங்களுக்கு வெளியே பொது விவகாரம் பேசினால் மரணம். மத விஷயத்தில் மோர் தம் காலத்தை மிஞ்சினார்: அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஆத்மா அழியும் என்று நம்புகிறவருக்கு உடல் தண்டனை இல்லை. பதவியும் இல்லை, பாமர மக்கள்முன் வாதாடும் அனுமதியும் இல்லை.

மக்னீசியாவில் 40 வயதுக்கு முன் யாரும் வெளிநாடு போகக் கூடாது. அதற்குப் பிறகும் சொந்த வேலையாகப் போக முடியாது. கடவுள் இல்லை என்று சொன்னவர், நல்ல குணமுள்ளவராக இருந்தாலும், குறைந்தது 5 ஆண்டு சீர்திருத்தச் சிறையில். திருந்தாவிட்டால் மரணம்.

பெல்லமி பேச்சுக்கு வழி விட்டார். எந்தப் புத்தகத்தையும் அரசு அச்சகம் அச்சிட மறுக்காது. முதல் பதிப்பின் செலவு மட்டும் எழுதியவருடையது. சிக்கனமாக இருந்தால் ஓராண்டுப் பங்கில் அதை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் தேசத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, தொழில் படையில் இருக்கும் 24 ஆண்டுகளும் கிடையாது. நாட்டைத் தாங்குகிற கைகள் அந்த நாட்டை யார் நடத்துவது என்று சொல்ல முடியாது.

நிஜ உலகம் தலைகீழாக

1966-இல் ஐ.நா. பிரகடனத்தை இரண்டு உடன்படிக்கைகளாகப் பிரித்தது. குடிமை, அரசியல் உரிமைகள் ஒன்றில். அவற்றை உடனே மதிக்க வேண்டும். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் மற்றொன்றில். கையிருப்புக்கு ஏற்ப, படிப்படியாக. இரண்டும் 1976-இல்தான் நடைமுறைக்கு வந்தன. கற்பனை நாடுகள் சோற்றை முதல் வரியில் வைத்துப் பேச்சைத் தள்ளிவைத்தன. நிஜ நாடுகள் பேச்சை முதல் வரியில் எழுதிச் சோற்றைத் தவணையில் போட்டன.

இரண்டு கணக்கும் தவறு என்பதற்கு ரொக்கேயாவின் வங்காளமே சாட்சி. 1943 பஞ்சத்தில் இறந்தோர் 20 முதல் 30 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். போர்க்காலத் தணிக்கை செய்திகளை அடக்கியிருந்தது. 1943 ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழ் கல்கத்தா வீதிகளில் சாகும் மனிதர்களின் படங்களை வெளியிட்ட பிறகுதான் டெல்லியாலும் லண்டனாலும் பஞ்சத்தை மறைக்க முடியாமல் போயிற்று. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் பின்னாளில் எழுதினார். வயிற்றுக்கான உரிமையைக் காவல் காப்பது வாய்க்கான உரிமை.

இதை யுடோப்பியாவில் வைத்துப் பார்க்கலாம். அங்கே 6 மணி நேரத்தை ஒருநாள் 8 ஆக்கினால், பண்ணைக்கு 2 அடிமை போதாது, 10 வேண்டும் என்று முடிவெடுத்தால், மன்றத்துக்கு வெளியே கூடி எதிர்ப்பவரின் தலை போகும். அப்படியானால் 6 மணி நேரம் என்பது உரிமை இல்லை, ஆள்வோர் விரும்பும்வரை நீடிக்கும் சலுகை. எந்த நாட்டின் சட்ட வரைவும், கற்பனையானாலும் நிஜமானாலும், நம் கைக்கு வரும்போது எத்தனை கொடுத்திருக்கிறது என்று மட்டும் எண்ணினால் போதாது. கொடுத்ததைப் பிடுங்கும்போது எங்கே நின்று கேட்பது, கேட்டதற்கு என்ன விலை, எண்ணிக்கையில் சேராமல் விடப்பட்டவர் யார் என்ற மூன்று வரிகளையும் தேடிப் படிக்க வேண்டும். அவை இல்லாத ஏட்டில் எவ்வளவு வரவு எழுதியிருந்தாலும் அதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.