கண்டியில் ‘ஓபி’ அடிக்க மாட்டார்கள், ஊற்றிக் குடிப்பார்கள்! தெரியுமா?

அதே சொல், அதே எழுத்து. கடுகண்ணாவைக் கணவாய் ஏறிக் கண்டிப் பக்கம் வந்தால் அர்த்தமே வேற!

ஓபி: தமிழகத்தில் வேலைக்கு டிமிக்கி. ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவு. தேயிலை ஃபெக்டரியில்? ஒரேஞ்ச் பெக்கோ! தோடம்பழத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நீளமாகச் சுருண்ட இலைக்கு அந்தப் பெயர். உடைந்தால் பி.ஓ.பி. இன்னும் பொடிந்தால் டஸ்ட். குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள்! அந்த எழுத்துகள் சொல்வது இலையின் பருமனையும் உருவத்தையும்தான். சாயம் சுருக்கென்று இறங்குவதே டஸ்டில்தான்!

சி.டி.சி.: சென்னை ஐ.டி. பையனுக்கு வருஷச் சம்பளக் கணக்கு. தேயிலைக்காரருக்கு நசுக்கி, கிழித்து, சுருட்டுவது! இரண்டும் ஒன்றுதானே என்று அந்தப் பையன் முணுமுணுத்தால் நாம் பொறுப்பல்ல.

பேர்: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டாரே, அந்த மலைகளில் ‘பேர் கிடைச்சதா?’ என்றால் புகழைப் பற்றிய விசாரணை அல்ல. ஒரு நாள் சம்பளம் பதிவானதா என்பதுதான் கேள்வி! சொன்ன கிலோவுக்குக் கொழுந்து நிறுவை காட்டாவிட்டால்? ‘அரைப்பேர்’!

கண்டி: இந்தியப் பருத்திச் சந்தையில் இது ஓர் எடை. ஒரு கண்டி 356 கிலோ! ‘கண்டி என்ன விலை?’ என்று கோயம்புத்தூர் மில்காரர் கேட்டால், தலதா மாளிகையோடு சேர்த்து ஊரையே பேரம் பேசுகிறார் என்று பதறாதீர்கள்.

பூச்சியம்: உயர்தரம் எழுதிய பிள்ளை ‘என் இசட் புள்ளி பூச்சியம்’ என்றால் கையோங்க வேண்டாம்! பூச்சியம் என்றால் சரியாகச் சராசரி. இதைப் பாருங்கள்: ஒரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 15, அதில் 75 எடுத்தவரின் இசட் 1. இன்னொரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 10. அதில் 60 எடுத்தவருக்கோ 2! 60 போய் 75ஐ அடித்துவிட்டது! மூன்று பாட இசட்டின் சராசரிதான் பேராதனை வளாகத்துக்கு வழிவிடும். இந்த முறையை முன்மொழிந்தவரும் ஒரு பேராதனைப் பேராசிரியரே! இன்னொன்று: நம் நியம விலகல்தான் தமிழகப் பாடப்புத்தகத்தில் ‘திட்ட விலக்கம்’.

உயர் நீதிமன்றம்: 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டக்காரர்களைக் கலந்து இசட் கணக்கிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இரண்டும் வெவ்வேறு குடித்தொகை, தனித்தனியே கணக்கிடுங்கள் என்று 2012இல் தீர்ப்பு! ‘உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போகலாமே’ என்கிறாரா தமிழக நண்பர்? இலங்கையில் உயர் நீதிமன்றத்துக்கு மேலே கோர்ட்டே இல்லை! அவர் நினைக்கும் ஹைகோர்ட்டுக்கு இங்கே ‘மேல் நீதிமன்றம்’ என்று பெயர்.

கிராமம்: கண்டி–கொழும்பு வீதியில் பிலிமத்தலாவை. கடைகள், வங்கிகள், வாகன நெரிசல். ஆனால் புள்ளிவிபரத்தில் அது கிராமம்! அடுத்துள்ள கடுகண்ணாவையோ நகரம்! மாநகர சபையோ நகர சபையோ இருந்தால்தான் கணக்கில் நகரம். கடுகண்ணாவைக்கு நகர சபை உண்டு. பிலிமத்தலாவை பிரதேச சபைக்குள் அடக்கம். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் நகரவாசிகள் வெறும் 18.2 சதவீதம் என்று வந்ததன் சூட்சுமம் இதுதான்.

ஆகவே பிலிமத்தலாவை ட்ராஃபிக்கில் பஸ் மாட்டிக்கொண்டால் சலிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து கிராமத்துக் காற்றை நன்றாக இழுத்து விடுங்கள்!